பொன்னாடை போதும், பேச்சு வேண்டும்

மலேசியத் தமிழ் நாடகத்தின் நிலை பற்றிப் பேசும் கூட்டங்களில் மூன்று குறைகள் தவறாமல் எடுத்துரைக்கப்படுகின்றன. பணம் இல்லை என்பது முதற்குறை. அரங்கம் இல்லை என்பது இரண்டாவது. பார்வையாளர் இல்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இம்மூன்றுக்கும் முற்பட்ட குறை ஒன்று உண்டு. அதனை எடுத்துச் சொல்வார் அரியர். திரை விழுந்தபின், அரங்கேறிய நாடகத்தைப் பற்றி நாடகக் கலைஞர்கள் தமக்குள் கூடியமர்ந்து ஒளிவு மறைவின்றிப் பேசிக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டுத் தமிழ் மேடையில் வேரூன்றவில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நாடகக் குழுக்கள் தோன்றுகின்றன. ஒன்றிரண்டு நாடகங்களை மேடையேற்றுகின்றன. பிறகு மறைந்து விடுகின்றன. அடுத்து வருகின்ற குழு, முன்னது இடறி விழுந்த அதே கல்லில் தானும் இடறி விழுகின்றது. கல் எங்கே கிடக்கின்றது என்று சொல்லிவிட்டுப் போக ஒருவரும் இல்லை.

பணம் கேட்டு விண்ணப்பம் எழுதலாம். அரங்கம் கேட்டு மனுக் கொடுக்கலாம். கலந்துரையாடலுக்கு எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பத்து நாற்காலியும் ஒரு குறிப்பேடும் போதும். அந்தப் பத்து நாற்காலியைக் கூடப் போட முன்வராத ஒரு சமூகம், தனக்கு அரங்கம் கட்டித் தரவில்லை என்று பிறரைக் குறை கூறுவது எந்த அளவு பொருந்தும்?

மூவகைப் பேச்சு

பேச்சே இல்லை என்று கூறிவிட முடியாது. ஒரு நாடகம் நடந்தேறினால் மூன்று வகையான பேச்சு எழத்தான் செய்கின்றது. மூன்றும் நாடகத்துக்குப் பயன்படாத பேச்சு என்பதே வருத்தத்துக்குரியது.

முதலாவது மேடைப் பேச்சு. நாடகத்தின் இடைவேளையிலோ இறுதியிலோ விளக்குகள் எரிகின்றன. சிறப்புப் பிரமுகர் மேடைக்கு அழைக்கப்படுகின்றார். மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம் எல்லாம் முறைப்படி நடக்கின்றன. ஒப்பனை வியர்வையில் கரைந்தொழுக, நடிகர்கள் பின்னால் வரிசையாக நிற்கின்றார்கள். இரண்டாம் காட்சிக்குப் பிறகு வந்தமர்ந்த பிரமுகர், இந்நாடகம் தமிழ்க் கலையுலகின் மைல்கல் என்கின்றார். அரங்கம் கைதட்டுகின்றது. எந்தக் காட்சி நின்றது, எது சரிந்தது என்பது அந்தக் கைதட்டலுக்குள் புதைந்து போகின்றது. பொன்னாடை போர்த்துவது பண்பாடுதான்; ஆனால் குறைகளையும் சேர்த்துப் போர்த்திவிடும் போர்வையாக அது மாறிவிட்டது.

இரண்டாவது, மாமாக் கடைப் பேச்சு. நள்ளிரவுக்குப் பின் தேநீர்க் குவளையைச் சுற்றி நடைபெறும் இந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஐந்தாம் காட்சி இழுத்தது, தாயாக நடித்தவர் வசனத்தை மறந்தார், இசை உரையாடலை விழுங்கிவிட்டது என்பன போன்ற சரியான கருத்துகள் அங்கேதான் வெளிப்படுகின்றன. ஆனால் அவற்றைக் கேட்க வேண்டிய இயக்குநர் மட்டும் அந்த மேசையில் இல்லை. அவருக்கு அச்செய்தி ஒரு திங்கள் கழித்து, மூன்று பேர் வாய் மாறி, பகையாக உருக்கொண்டு போய்ச் சேர்கின்றது. குழுக்கள் பிளவுபடுவதற்குக் கருத்து வேறுபாடு காரணமன்று. கருத்து சென்றடைந்த வழியே காரணம்.

மூன்றாவது செய்தித்தாள் பேச்சு. வந்திருந்த பிரமுகர்களின் பெயர்ப்பட்டியல் முதற்பத்தி. அவர்கள் ஆற்றிய உரை இரண்டாம் பத்தி. நாடகத்தின் பெயர் மூன்றாம் பத்தி. நாடகத்தை எழுதியவர் பெயர் இடமிருந்தால் இடம்பெறும்.

இந்த மூன்று பேச்சுகளுக்கும் நடுவே, பேசப்பட வேண்டியவை பேசப்படாமலே கிடக்கின்றன. நடிகர் எதிரே நிற்கும் நடிகரைப் பார்த்துப் பேசாமல், தொங்கும் ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசுவது ஏன்? காப்பாரில் பிறந்து வளர்ந்த ஒரு கதைமாந்தர், சென்னைத் திரைப்படத்தின் பேச்சைப் பேசுவது எப்படி? தோட்டத்து மண்ணில் மூன்று தலைமுறை ஊறி வந்த வழக்குச் சொற்கள் மேடையில் மட்டும் ஏன் ஒலிக்கவில்லை? காட்சிக்குக் காட்சி விளக்கணைத்து, மேசை நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசையைப் பார்வையாளர் இருட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதியை ஒட்டவைப்பது, மக்கள் விரும்புகின்றார்கள் என்பதற்காகவா, எழுதியவருக்குத் தம் கதையின் மேல் நம்பிக்கை இல்லை என்பதற்காகவா? இவை கடினமான வினாக்கள் அல்ல. பத்துப் பேர் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் பாதிக்கு விடை காணலாம். அமர்வதற்குத்தான் ஆள் இல்லை.

அரங்கேற்றம் என்ற சொல்லின் பொருள்

குறை கேட்பது தமிழ் மரபுக்குப் புறம்பானது என்று கருதுவோர் உண்டு. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதா என்று அவர்கள் முகம் சுளிக்கின்றார்கள். மரபை அவர்கள் மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அரங்கேற்றம் என்ற சொல் இன்று விழா என்னும் பொருளில் வழங்குகின்றது. முற்காலத்தில் அது தேர்வு. நூலை எழுதியவர் அறிஞர் அவையின் முன் அதனைப் படித்துக்காட்டி, எழுப்பப்பட்ட தடைகளுக்கு விடை கூறிய பின்னரே அந்நூல் நூலாக ஏற்கப்பட்டது. இறைவனே எழுதிக் கொடுத்த பாடலாயினும் அதில் குற்றம் கண்டு அவையில் எழுந்து உரைத்த நக்கீரரின் கதையைத் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லி வருகின்றனர். கதையைப் போற்றுகின்றவர்கள் அதன் கருத்தையும் போற்ற வேண்டாமா? இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாதவன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. அரசனுக்குச் சொன்ன அறிவுரை இயக்குநருக்குப் பொருந்தாது என்று யார் சொன்னார்கள்?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இன்னும் நுட்பமான செய்தி இருக்கின்றது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையின் அளவைச் சொல்லும் இளங்கோவடிகள், மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் மேடையேறியதாகக் கூறுகின்றார். அதற்கு முன்பாக ஆடலாசான், இசையாசான், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் ஆகியோர் ஒவ்வொருவரின் தகுதியையும் விரித்துரைக்கின்றார். ஒரு பெண்ணின் ஒரு நாள் ஆட்டத்துக்குப் பின்னால் ஆறு துறை வல்லுநர்களின் அறிவு இணைந்து நிற்கின்றது. இன்று எழுதுபவரும் இயக்குபவரும் தலைமை நடிகரும் நுழைவுச் சீட்டு விற்பவரும் ஒருவரே. தம்மைத் தாமே இடித்துரைத்துக்கொள்ள அவரால் எப்படி இயலும்?

பிற்கால மேடைக்கும் இந்த மரபு அந்நியமன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத கற்றவர்கள். தம் மேடை அனுபவங்களையும் உடன் நடித்தவர்களின் நிறைகுறைகளையும் 'நாடக மேடை நினைவுகள்' என்னும் நூலில் அவர் எழுதி வைத்துச் சென்றார். அதனால் நூறாண்டுக்கு முந்திய மேடை இன்றும் கண்முன் நிற்கின்றது. மலேசியாவின் ஐம்பதாண்டுக்கு முந்திய தமிழ் மேடையோ மங்கிய நிழற்படமாகி விட்டது.

அந்த மேடை வளமில்லாத மேடை அன்று. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நாடகக் குழுக்களையும், தோட்டத்துக் கோயில் திடலில் விடிய விடிய நடந்த கூத்துகளையும், பெரியார் 1929லும் 1954லும் மலாயாவுக்கு வந்து சென்றதை ஒட்டிப் பெருகிய சீர்திருத்த நாடகங்களையும், கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் ஊட்டிய கலை ஊக்கத்தையும் கண்ட மண் இது. இதே மண்ணில், பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துக் கற்ற மாமாக் புஷி என்பவர் 1885இல் பினாங்கில் மலாய் மொழிக்குப் 'பங்சாவான்' நாடகக் குழுவை உருவாக்கினார். பங்சாவான் பற்றி இன்று ஆய்வு நூல்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகப் பாடம் இருக்கின்றது. தோட்டத்து நாடகங்களோ, கையெழுத்துப் படிகள் கரையானுக்கு இரையாக, எழுதியவரோடு மறைந்தன. பேசிப் பதிவு செய்த கலை நின்றது. கைதட்டிக் கலைந்த கலை அழிந்தது.

சிறுகதை காட்டிய வழி

நாட்டுச் சூழலே இதற்குக் காரணம் என்று கூறித் தப்பிக்க இடமில்லை. இதே நாட்டில், இதே தமிழர் நடுவில், சிறுகதை என்னும் வடிவம் கலந்துரையாடலால் வளர்ந்திருக்கின்றது.

1950இல் தமிழ் நேசன் நாளிதழ் வழியாகச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எப்படித் தொடங்குவது, எங்கே முடிப்பது, எது கதையாகும், எது ஆகாது என்று எழுத ஆர்வங்கொண்ட இளைஞர்களுக்கு அவர்கள் எடுத்துரைத்தார்கள். அந்த வகுப்பில் பயின்றவர்கள் பிற்காலத்தில் நாட்டின் முன்னணி எழுத்தாளர்களாக விளங்கினார்கள். அதே பத்தாண்டில் தமிழ் நேசனில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி, எழுத்தாளர்களோடு கதைகளை விவாதித்தார். எழுதியவர் எதிரிலேயே எழுத்தின் குறை பேசப்பட்டது. எவரும் செத்துப் போகவில்லை; கதைகள்தாம் பிழைத்தன. 1924இல் தோன்றிய அந்த நாளிதழ் 2019இல் நின்று போயிற்று. ஆனால் அது நடத்திய வகுப்பின் விளைவு இன்றும் நூலக அடுக்குகளில் நிற்கின்றது.

நாடகத்துக்கு இத்தகைய வகுப்பு எங்கே நடந்தது? எந்த மாதம், எந்த மண்டபத்தில், ஒரு நாடகப் பிரதி காட்சி காட்சியாகப் பிரித்து ஆராயப்பட்டது? வானொலி நாடகங்கள் ஒரு தலைமுறைக்குக் குரல் பயிற்சி அளித்தன, அது பெருந்தொண்டு. ஆனால் ஒலிபரப்பு முடிந்ததும் காற்றோடு போன அந்நாடகங்களைப் பற்றி எழுந்த பேச்சு, சிறுகதையைப் பற்றி எழுந்த பேச்சில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. முத்தமிழில் மூன்றாவதை மட்டும் விழாத் தமிழாக ஒதுக்கி வைத்தவர்கள் தமிழரே.

கூடிப் பேசியவர்கள் கண்ட பயன்

உலகில் பெயர்பெற்ற நாடக அரங்குகள் பலவற்றின் பிறப்பை ஆராய்ந்தால், கட்டடத்துக்கு முன்பாக ஓர் உரையாடல் இருப்பது தெரியவரும்.

1897ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், மாஸ்கோ நகரின் ஓர் உணவகத்தில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்செங்கோவும் சந்தித்தார்கள். பிற்பகலில் தொடங்கிய பேச்சு மறுநாள் காலையில் முடிந்தது. பதினெட்டு மணி நேரம். நடிகருக்குரிய ஒழுக்கம் எது, நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது யார், ஒத்திகை எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி முடித்தார்கள். மறு ஆண்டில் மாஸ்கோ கலை அரங்கம் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடிப்புக் கலையையே மாற்றியமைத்த அந்த அரங்கத்தின் அடிக்கல், ஓர் உணவக மேசையில் நாட்டப்பட்டது. கோலாலம்பூரிலும் உணவக மேசைகளுக்குப் பஞ்சமில்லை.

மாஸ்கோ தொலைவு என்றால் கர்நாடகத்தைப் பார்க்கலாம். சிவமொக்கா மாவட்டத்துப் பாக்குத் தோட்டங்களின் நடுவே இருக்கும் ஹெக்கோடு என்னும் சிற்றூரில், 1949இல் கே. வி. சுப்பண்ணாவும் ஊர் இளைஞர்களும் கூடி 'நீநாசம்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். படிப்பதும் விவாதிப்பதும் நாடகம் போடுவதுமாக வளர்ந்த அந்த அமைப்பு, 1980இல் முறையான நாடகப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசாசே விருது வழங்கப்பட்டது. தோட்டத்து ஊரில் நாடகம் வளராது என்பார்க்கு அதுவே விடை.

கேரளத்தில் 1967ஆம் ஆண்டு சாஸ்தாங்கோட்டையில், சி. என். ஸ்ரீகண்டன் நாயர், ஜி. சங்கரப்பிள்ளை முதலியோர் 'நாடகக் களரி' கூட்டினார்கள். எழுதுவோரும் நடிப்போரும் இயக்குவோரும் ஓரிடத்தில் தங்கித் தம் கலையை விவாதித்தார்கள். அந்த விவாதம் ஓர் இயக்கமாயிற்று. பத்தாண்டுகளில், 1977இல், திருச்சூரில் நாடகப் பள்ளி எழுந்தபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் சங்கரப்பிள்ளையே. அதே 1977இல் தமிழகத்தின் காந்திகிராமத்தில் நடைபெற்ற பயிலரங்கில் அவரும் சே. இராமானுஜமும் பயிற்சியளித்தார்கள். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977லும், ஞாநியின் பரீக்ஷா 1978லும் தோன்றிய காலம் அது. பேச்சு ஊர்விட்டு ஊர் பரவும் தன்மையுடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஒரு பள்ளி ஆசிரியர். கல்லூரி என்ற பெயர் இருந்ததே அன்றி, அரசு கட்டிய மாளிகை எதுவும் இல்லை. ஆர்வலர்கள் கூடினார்கள், உடலையும் குரலையும் பழக்கினார்கள், பேசினார்கள், பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நாடு எரிந்துகொண்டிருந்த 1985இல் 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியது. 2025இல் அவர் மறைந்தபோது, ஈழத் தமிழ் அரங்கு ஒரு மரபை உடையதாக இருந்தது. போர்ச்சூழலில் இயன்றது, மின்விசிறியும் வாகன நிறுத்துமிடமும் உள்ள ஊரில் இயலாதா?

இவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. கோலாலம்பூரிலேயே, தமிழர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், ஆங்கில மலாய் நாடக உலகம் இதனைச் செய்து காட்டியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த கிருஷென் ஜித், 1972 முதல் 1994 வரை ஆங்கில நாளிதழில் இடைவிடாது நாடகத் திறனாய்வு எழுதினார். இருபத்திரண்டு ஆண்டுகள்! அவரும் நாவலாசிரியர் கே. எஸ். மணியம் உள்ளிட்ட நண்பர்களும் 1984இல் 'ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்' அமைப்பை நிறுவினார்கள். ஓவியர், நடனமணி, எழுத்தாளர், இயக்குநர் எனப் பல துறையினர் ஒரு மேசையில் அமர்ந்த அமைப்பு அது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மணியத்தின் நாடகங்கள், தோட்டத் தமிழரின் வாழ்வை ஆங்கிலத்தில் மேடையேற்றின. தோட்டத்து வாழ்வின் உள்ளாழத்தை ஆராய்ந்து பேச அந்த எழுத்தாளருக்கு ஒரு மேசை கிடைத்தது. அந்த மேசை தமிழ் மேசையாக இல்லை. இதை எண்ணித் தமிழ் மேடை வெட்கப்பட வேண்டும்.

எதிர்வாதங்களும் விடையும்

இக்கருத்துக்கு எதிராக நான்கு வாதங்கள் எழுவது இயல்பு.

முதல் வாதம்: அரசு ஆதரவு இல்லாமல் எதுவும் நடவாது. 1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தேசியப் பண்பாட்டுப் பேரவையை ஒட்டி வகுக்கப்பட்ட கொள்கை, பிறமொழிக் கலைகளை ஓரத்தில் நிறுத்தியது என்ற மனக்குறை தமிழரிடையே நெடுநாளாக உண்டு. அது நியாயமான மனக்குறையே. அதற்காகக் குரல் கொடுப்பதும் கடமையே. ஆனால் மானியம் பெற்று மேடையேறும் நாடகமும் பேசித் திருத்தப்படாவிட்டால் மோசமான நாடகமாகவே இருக்கும். மானியம் மேடைக்கு விளக்குத் தரும். நடிப்புக்கு ஒளி தராது.

இரண்டாம் வாதம்: இருப்பதே சில குழுக்கள், குறை கூறினால் அவையும் கலைந்துவிடும். இது கனிவான வாதம் போலத் தோன்றும், உண்மையில் அவமதிப்பு. கலைஞனை நோயாளியாகக் கருதி, அவனிடம் உண்மையை மறைப்பது அது. பயிற்சிக் கல்லூரியில் ஓர் இளம் ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்தும்போது, விரிவுரையாளரும் சக பயிற்சி ஆசிரியர்களும் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியரோடு அமர்ந்து, கேள்வி எங்கே தெளிவில்லாமல் போயிற்று, கரும்பலகை எப்போது மறைந்தது, பின்வரிசை மாணவன் எந்த நிமிடத்தில் கவனம் இழந்தான் என்று எடுத்துச் சொல்வார்கள். அதனால் ஆசிரியத் தொழிலை விட்டு ஓடியவர் எத்தனை பேர்? அந்த அரை மணி நேரம்தான் பலரை ஆசிரியராக்கியது. நாற்பது மாணவர் முன் நிற்பவருக்கு இது தேவையென்றால், நானூறு பேர் முன் நிற்பவருக்குத் தேவையில்லையா?

மூன்றாம் வாதம்: பேசுவதற்கு வல்லுநர் வேண்டும். வல்லுநர் வந்தால் நன்று. வராவிட்டால் என்ன? வசனம் காதில் விழவில்லை என்று சொல்ல முனைவர் பட்டம் வேண்டியதில்லை. கலந்துரையாடலால்தான் வல்லுநர் உருவாகின்றார். நீரில் இறங்குமுன் நீந்தக் கற்றுக்கொண்டவர் எவரும் இலர்.

நான்காம் வாதம்: சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, புதியது எதற்கு? புதிய சங்கம் வேண்டாம் என்பதே இங்கும் கருத்து. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளைப் பகிர்ந்த மறுநாளே தேர்தல் தொடங்கிவிடும். நாடகம் மேடையிலிருந்து பொதுக்கூட்டத்துக்கு இடம் மாறும். வேண்டப்படுவது ஒரு வட்டம். அதற்குக் கொடியும் இல்லை, முத்திரையும் இல்லை. கூடுவது ஒன்றே அதன் செயல்.

கூடுவது எப்படி

வெறுமனே கூடினால் அது மீண்டும் மாமாக் கடையாகிவிடும். ஆகவே ஒழுங்கு தேவை. அந்த ஒழுங்கு எளியதாக இருக்க வேண்டும்.

திங்கள்தோறும் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. ஒரு மாதம் பிரிக்பீல்ட்ஸ், மறு மாதம் கிள்ளான். கிள்ளானில் கம்யூட்டர் தொடர்வண்டி ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலை வரை நடந்தே வந்துவிடலாம். வண்டியில்லாத இளைஞரும் வர முடியும். பள்ளி வகுப்பறை, நூலகத்தின் ஓர் அறை, கோயில் மண்டபத்தின் பக்கவாட்டுக் கூடம் எதுவாயினும் போதும். மேடையுள்ள மண்டபம் வேண்டாம். மேடை இருந்தால் எவராவது அதன்மேல் ஏறி உரையாற்றத் தொடங்கிவிடுவார். நாற்காலிகள் வட்டமாக இருக்கட்டும். முன்வரிசை என்று ஒன்று இல்லாவிட்டால் சிறப்புப் பிரமுகரும் இல்லை.

பேசும் முறைக்கும் வழிகாட்டல் உண்டு. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை இன்று பல நாட்டு அரங்குகளில் பயன்படுகின்றது. அது நான்கு படிகளைக் கொண்டது. முதற்படியில், பார்த்தவர்கள் தம் மனத்தில் நின்றது எது என்று சொல்வார்கள். இரண்டாம் படியில், படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார். மூன்றாம் படியில், பார்த்தவர்கள் கருத்தை உள்ளே ஒளிக்காத நேரிய வினாக்களை எழுப்புவார்கள். நான்காம் படியில், படைத்தவர் இசைவு தந்தால் மட்டும் கருத்துரை கூறுவார்கள். கேட்பவர் மானமும் காக்கப்படுகின்றது. சொல்பவர் உண்மையும் காக்கப்படுகின்றது. தமிழ் மேடைக்கு ஏற்றவாறு இதனை மாற்றிக்கொள்வதில் தடையில்லை.

வேறு நான்கு விதிகளும் வேண்டும். பேசப்படும் நாடகத்தை நேரில் பார்க்காதவர் அன்று கேட்பவராக மட்டும் இருக்க வேண்டும். ஆளைப் பற்றிப் பேசுதல் கூடாது. காட்சியைப் பற்றியே பேச வேண்டும். 'நன்று', 'அருமை', 'மோசம்' என்னும் சொற்களைக் காரணம் கூறாமல் எவரும் பயன்படுத்தலாகாது. தலைமை ஒவ்வொரு மாதமும் மாற வேண்டும். ஒரு முறை மூத்த இயக்குநர் என்றால் மறுமுறை ஒப்பனை செய்யும் இளம்பெண் தலைமை ஏற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குறிப்பேடு வேண்டும். நாடகத்தின் பெயர், எழுதியவர், இயக்கியவர், நடித்தவர், அரங்கேறிய நாள், இடம், பேசப்பட்ட நிறை, பேசப்பட்ட குறை ஆகியவற்றை அதில் பதிய வேண்டும். நாடகப் பிரதியின் ஒரு படியை வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து நாடகம் எனக் கொண்டாலும் பத்தாண்டில் நூறு பிரதிகள். எந்த மானியமும் இல்லாமல், எந்த அமைச்சரும் வந்து திறந்து வைக்காமல், மலேசியத் தமிழ் நாடகத்துக்கு ஓர் ஆவணக் காப்பகம் உருவாகிவிடும்.

இழக்கப்படுவது எது

இது நாடகக்காரர்களின் உள்வீட்டுச் சிக்கல் என்று பிறர் ஒதுங்கிவிட முடியாது. நாட்டில் ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவிலும் தமிழ் விழாவிலும் பிள்ளைகள் மேடையேறுகின்றார்கள். கூச்சம் நீங்கி, குரல் எழும்பி, தமிழ் வாக்கியம் ஒன்றை உணர்ச்சியோடு முழுமையாகச் சொல்லும் அந்தக் கணம், தேர்வுத்தாள் தர முடியாத கல்வி. அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேறிய பின் அந்தத் தமிழை எங்கே பேசும்? இடைநிலைப் பள்ளியில் பேச இடம் குறைவு. வேலையிடத்தில் இன்னும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பிறகு, தமிழரைத் தமிழ் பேசக் கூட்டிவைக்கும் இடங்கள் ஒவ்வொன்றாக அருகி வருகின்றன. நாடகக் குழு அத்தகைய இடங்களில் ஒன்று. நாடகக் குழு நிலைக்க வேண்டுமானால் நாடகம் தரமாக வேண்டும். நாடகம் தரமாக வேண்டுமானால் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

திறமையுள்ள இளைஞர்கள் இல்லாமல் இல்லை. தேசியக் கலை, பண்பாடு, மரபுடைமைக் கழகமான 'அஸ்வாரா'வின் வாயில் அவர்களுக்குத் திறந்திருக்கின்றது. தொலைக்காட்சியும் உள்நாட்டுத் திரைப்படமும் அவர்களை அழைத்துக்கொள்கின்றன. அவர்கள் செல்லட்டும், அதில் தவறில்லை. ஆனால் செல்பவர்கள் கற்றதைத் திரும்பிவந்து சொல்ல ஒரு வட்டம் இருந்தால், மேடை எதையும் இழக்காது. வட்டம் இல்லாதபோதுதான் செல்வது இழப்பாகின்றது.

2005ஆம் ஆண்டு செந்தூலில், ஒரு காலத்தில் தமிழர் பெருந்தொகையாக உழைத்த இரயில்வே பணிமனைப் பகுதியை ஒட்டி, கோலாலம்பூர் நிகழ்கலை மையம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் 1981 முதல் நுண்கலைக் கோயில் நடனமும் இசையும் வளர்த்து வருகின்றது. துன் சம்பந்தன் மாளிகையில் சோமா அரங்கம் இருக்கின்றது. ஆகவே சுவர்கள் இல்லை என்ற கூற்று முழு உண்மையன்று. சுவர்களுக்குள் நிகழ்வதைப் பற்றிப் பேசும் நாவே இல்லை.

அந்த நாவை எந்த அமைச்சும் வழங்க இயலாது. எந்தக் கூட்டுறவுச் சங்கமும் கடனாகத் தர இயலாது. அடுத்த நாடகம் எதுவாயினும், அது பிரிக்பீல்ட்ஸில் நடந்தாலும் கிள்ளானில் நடந்தாலும், அதன் இயக்குநர் நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வரி அச்சிடட்டும்: வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இந்நாடகத்தின் குறைகள் பேசப்படும், அனைவரும் வருக. அந்த வரியை அச்சிடும் துணிவு முதலில் எந்தக் குழுவுக்கு வருகின்றதோ, அந்தக் குழுவே மலேசியத் தமிழ் நாடகத்தின் அடுத்த காலத்தைத் தொடங்கி வைக்கும்.